டெல்லி மொட்டை மாடியில் ஆடிப்பட்டம் ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: டெல்லிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து மொட்டை மாடியில் தோட்டம் போட்டோம். ஆடிப்பெருக்கன்று விதைத்த கொத்தமல்லி முளைக்கவே இல்லை. தக்காளி நாற்று சாய்ந்துவிட்டது. வெண்டை இலை மஞ்சளாகிவிட்டது. எங்கே தவறு செய்தோம்?

பதில்:

கைராசி இல்லை என்று வீட்டில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். தவறு கையில் இல்லை, மாதத்தில்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆடியில் விதைத்தால் செடி வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழை வந்து தூக்கிவிடும். டெல்லியில் பருவமழை ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் விலகிவிடுகிறது. ஐப்பசியில் இங்கே வானம் வெறிச்சென்று இருக்கும். ஆடி என்பது இங்கே மழையும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் மாதம்.

உங்கள் மூன்று செடிகளுக்கும் நடந்ததைத் தனித்தனியாகப் பார்ப்போம். கொத்தமல்லிக்கு 20 முதல் 25 டிகிரி வேண்டும். ஆடியில் மண்ணே 30 டிகிரிக்கு மேல் இருக்கும், விதை உள்ளேயே அழுகிவிடும். தக்காளி சாய்ந்தது நாற்றழுகல். ஈர மண்ணில் பெருகும் பித்தியம் போன்ற பூஞ்சைகள் தண்டை மண்மட்டத்தில் கரைத்துவிடுகின்றன. மழையில் நனையாத இடத்தில் நாற்றுத் தட்டை வைத்து, விதைகளை நெருக்காமல் போட்டு, மண்புழு உரம் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்திருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். வெண்டை இலையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நரம்பு மஞ்சளாகவும் இடைப்பகுதி பச்சையாகவும் இருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் தேமல் நோய். அந்தச் செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. கடினத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து வேரில் ஊற்றினால் புதுத் தளிர் பச்சையாக வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நோய் வந்த செடிக்கு உரம் போடுபவர்கள்தான் அதிகம்.

‘எங்கள் வீட்டில் ஆடியில் போட்டு நன்றாக வந்ததே’ என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: காராமணி, தண்டுக்கீரை, பாகல், நோய் தாங்கும் ரக வெண்டை எல்லாம் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஆடி ஒன்றை மட்டும் நம்பி வருடத்தைத் தொடங்கினால் இந்த ஊரில் முதல் மாதமே மனசு விட்டுப்போகும். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு நல்ல மாதம் புரட்டாசி.

புரட்டாசிக்கு முன் மண்ணைத் தயார் செய்யுங்கள். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவு, அரைப் பங்கு ஆற்று மணல். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. இந்த அளவுத் தொட்டி சுமார் 15 லிட்டர் பிடிக்கும், தண்ணீர் ஊற்றியபின் 20 கிலோவை நெருங்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். எனவே ஒரு சதுர மீட்டரில் ஏழு தொட்டிக்கு மேல் நெருக்காதீர்கள். உத்தரம் போகும் இடத்திலும் சுவர் ஓரத்திலும் வரிசையாக வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்க வேண்டாம். பழைய அரசுக் குடியிருப்புகளில் இது இன்னும் முக்கியம்.

இடம் பார்ப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சென்னையில் வெயில் எங்கும் விழும். டெல்லியில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவரின் நிழல் வடக்கே ஏறக்குறைய நான்கடி விழும். கோடையில் அதே சுவருக்கு நிழலே இருக்காது. கோடையில் தெற்குச் சுவர் ஓரம் வைத்த தொட்டியைக் குளிர்காலத்திலும் அங்கேயே விட்டால் அது முழு நாளும் நிழலில் கிடக்கும். தீபாவளிக்கு முன் எல்லாத் தொட்டிகளையும் வடக்குப் பக்கம் நகர்த்துங்கள். இது குடும்பம் முழுவதும் இறங்க வேண்டிய வேலை. 20 கிலோவை மாமனார் தனியாகத் தூக்கக் கூடாது, சக்கரம் வைத்த பலகை ஒன்று வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் முள்ளங்கியில் தொடங்குங்கள். டெல்லி பூசாவில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா சேத்கி’ ரகம் வெப்பம் தாங்கும், 40, 45 நாளில் பிடுங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருப்பதும் அவ்வளவு நாள்தான், அதனால் முதல் பயிராக இதை அவர்கள் கையில் கொடுங்கள். அக்டோபர் 15 வாக்கில் கொத்தமல்லி: தனியாவைச் செருப்படியில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில். அதே வாரம் பாலக், வெந்தயக்கீரை. வெந்தயம் 25 நாளில் தயார். கீரை வகைகளை ஒரேயடியாக விதைக்காமல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவை விதைத்தால் பொங்கல் தாண்டியும் வரும். கேரட்டை நேராகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டும், நாற்று எடுத்து நட்டால் வேர் கிளைத்துக் கோணலாகிவிடும். பட்டாணிக்கு நவம்பர் பாதி வரை நேரம் இருக்கிறது. காலிஃபிளவர் வேண்டாம் என்பேன். ஒரு பெரிய தொட்டி மூன்று மாதம் அடைபட்டு ஒரே ஒரு பூவில் முடியும். குளிர்காலத்தில் சந்தையில் அது மலிவாகவே கிடைக்கும்.

தக்காளி டிசம்பர், ஜனவரியில் பூவை உதிர்க்கும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் காய் பிடிக்காது. மருந்து அடிக்காதீர்கள், மாசியில் தானாகவே பிடிக்கும்.

கறிவேப்பிலையைப் பற்றித்தான் டெல்லித் தமிழர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள், அதிகம் கொல்வதும் அதைத்தான். குளிரில் அந்தச் செடி தூங்கிவிடும். இலை பழுத்துக் கொட்டும். பசி என்று நினைத்து உரமும் தண்ணீரும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். நவம்பர் பாதியிலிருந்து உரம் அடியோடு நிறுத்துங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின்தான் தண்ணீர். ஜனவரியில் மொட்டைக் குச்சியாக நின்றாலும் பிடுங்கிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் பாதி உயரத்துக்கு வெட்டி, துளிர் தெரிந்ததும் தொட்டி மாற்றி, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. துளசிக்கு இரவில் மட்டும் பழைய பருத்திப் புடவைத் துணியைக் குச்சி நட்டுப் போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். கதிர்களைக் கிள்ளி, விதையை ஒரு தாளில் மடித்து வைத்துவிடுவது நல்லது.

குளிர்காலத்தில் தண்ணீர் காலை பத்தரை, பதினொன்றுக்கு. பெரியவர்களைப் பனிமூட்டத்திலும் புகையிலும் ஆறு மணிக்கு மாடிக்கு அனுப்பாதீர்கள். செடிக்கும் அந்த நேரத்துத் தண்ணீர் ஆகாது. நவம்பரில் இலைமேல் படியும் தூசியை வாரம் ஒரு முறை நண்பகலில் தெளித்துக் கழுவுங்கள்.

நேரம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். ஊரிலிருந்து வாங்கிவரும் தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருக்கும். அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. டெல்லியில் ஜனவரியில் சூரியன் உதிப்பதே ஏழேகாலுக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் இரண்டாவது பங்கு எட்டரைக்குப் பிறகு தொடங்கி பத்து மணிக்குச் சற்று முன்னால்தான் முடியும். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் நம்பிக்கையின் கணக்குப்படியாவது பார்க்க வேண்டாமா? இதைச் சொன்னால் சம்பிரதாயத்தைக் கெடுப்பதாகக் கோபிக்கிறார்கள். வேறு ஊர் நேரத்தை இந்த ஊரில் கடைப்பிடிப்பது எப்படிச் சம்பிரதாயம் ஆகும்?

மாசி பிறந்ததும் தோட்டம் மறுபடி விழிக்கும். முதல் வாரத்தில் மல்லிகையை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள், சித்திரையில் மொட்டு வரும். ஊரில்போல கார்த்திகையிலேயே வெட்டினால் வரும் தளிர் குளிரில் கருகும். அதே வாரம் வெண்டை, சுரை, பீர்க்கு, கொத்தவரை. இரவுகள் இன்னும் குளிராக இருப்பதால் விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி அடுப்படியில் வைத்து முளை கட்டியபின் ஊன்றுங்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் 25 லிட்டராவது மண் வேண்டும். மாடியில் வண்டு குறைவு, அதனால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். சுரையும் பீர்க்கும் பூப்பது சாயங்காலம், பாகலும் பரங்கியும் விடிகாலை. அடியில் பிஞ்சு இல்லாதது ஆண்பூ. அதைக் கிள்ளி, பிஞ்சு உள்ள பூவின் நடுவில் தடவினால் போதும். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சரியான வேலை. சுரைக்காய் காலையில் எதற்கு வெம்பி விழுகிறது என்று கேட்பவர்கள் சாயங்காலம் மாடிக்குப் போனதே இருக்காது.

இனி மே மாதம். லூ என்னும் அனல் காற்று அடிக்கும், 45 டிகிரியைத் தொடும். அதே நேரம்தான் பள்ளி விடுமுறை, நீங்கள் ரயிலேறி ஊருக்குப் போவீர்கள். டெல்லித் தமிழர் தோட்டங்கள் சாவது பெரும்பாலும் இந்த நாற்பது நாளில்தான். பிப்ரவரி பாதியில் விதைத்த வெண்டை ஏப்ரல் தொடக்கத்திலிருந்து காய்த்து மே பாதிக்குள் தன் வேலையை முடித்திருக்கும். கிளம்பும் முன் காய்கறிச் செடிகளை எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை, முருங்கை போன்றவற்றை மட்டும் ஒன்றையொன்று உரசும்படி சேர்த்து வைத்து, மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, மேலே 50 சதவீத நிழல்வலை. வலைக்கும் செடிக்கும் இரண்டடி இடைவெளி வேண்டும், ஆந்தி என்னும் புழுதிப் புயல் காற்றுக்கு நாலு மூலையும் இறுகக் கட்டியிருக்க வேண்டும்.

சொட்டுநீர் வைப்பதானால் குழாயில் மாட்டும் டைமரைப் பார்த்து வாங்குங்கள். மாடி டாங்கியிலிருந்து மாடிக்கே வரும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. அழுத்தம் கேட்கும் வகை டைமர் இதில் திறக்காது, அல்லது சரியாக மூடாது. உள்ளே உருண்டை வால்வு சுழலும் வகைதான் வேலை செய்யும். தொட்டிக்கு நாளைக்கு 2 லிட்டர் என்றால் 15 தொட்டிக்கு 30 லிட்டர், 40 நாளைக்கு 1200 லிட்டர். உங்கள் மாடியில் இருப்பது 1000 லிட்டர் டாங்கி என்றால் நடுவில் தீர்ந்துவிடும். யாராவது வாரம் ஒரு முறை மோட்டார் போட வேண்டும், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். டைமரை விடியற்காலை ஐந்து மணிக்கு வையுங்கள். மதியம் அந்த டாங்கித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, வேரை வேகவைத்துவிடும். தண்ணீர் சுத்திகரிப்பான் கழித்துவிடும் நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு வெள்ளையாகத் தொட்டி விளிம்பில் படியும். ஜூலையில் நல்ல மழை பிடித்ததும் நிழல்வலையை எடுத்துவிட்டு, தொட்டி அடியில் தண்ணீர் ஓடும்வரை நனையவிட்டால் அந்த உப்பு கழுவிப் போகும்.

இப்போது உங்கள் வீட்டில் ஆவணி பிறக்கும் நேரம். நோய் வந்த வெண்டையைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டு, வாரா வாரம் எத்தனை வெள்ளை ஈ ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மழைபடாத ஜன்னல் திட்டில் தக்காளி விதையை இன்னொரு தடவை போடுங்கள். 25, 30 நாளில் நாற்றாகி, புரட்டாசியில் தொட்டிக்கு மாற்றச் சரியாக இருக்கும்.