கூட்டுக் குடியிருப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈசூன் வாசகி): ஐயா, கூட்டுக் குடியிருப்பும் இப்போது விளம்பரங்களில் காணும் கோ-லிவிங் அறைகளும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, அம்மா. கோ-லிவிங் என்பது ஒரு நிறுவனம் அறைகளை வாடகைக்கு விடும் வணிகம். அடுத்த அறைக்கு யார் வருவார் என்பதை நிறுவனமே முடிவுசெய்யும். கூட்டுக் குடியிருப்பிலோ, வசிக்கப் போகிறவர்களே ஒன்றுகூடித் திட்டமிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் தனி வீடும், சேர்ந்து உண்ணவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு பொது வீடும் அமைத்து, நிர்வாகத்தையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். டென்மார்க்கில் 1972இல் 27 வீடுகளுடன் உருவான சேட்டடாமன் இதற்கு முன்னோடி.

கேள்வி (பிடோக் வாசகர்): நாங்கள் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் கட்டினால் செலவு குறையுமா?

பதில்: குறையாது. சிங்கப்பூரில் பெரும்பாலான நிலம் அரசாங்கத்துடையது. அது பெரிய மனைகளாக, பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஒப்பந்தப்புள்ளி வழியாக மேம்பாட்டு நிறுவனங்களுக்குப் போகிறது. தனியார் நிலத்தின் விலையோ நீங்கள் மிச்சப்படுத்தும் அனைத்தையும் விழுங்கிவிடும். வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டித்தரும் வீட்டைவிட மலிவான வழி இதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (செங்காங் வாசகி): பெற்றோருக்கு அருகில் வீடு வாங்கினால் உதவி உண்டா?

பதில்: உண்டு. மறுவிற்பனை வீடு, அதாவது முந்தைய உரிமையாளர் விற்கும் வீவக வீடு, வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வசித்தால் 30,000 வெள்ளியும், 4 கிலோமீட்டருக்குள் வசித்தால் 20,000 வெள்ளியும் மானியமாகப் பெறலாம்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): முதியோருக்கு இத்தகைய ஏற்பாடு இருக்கிறதா?

பதில்: உங்கள் வட்டாரத்திலேயே கம்போங் அட்மிரல்டி இருக்கிறது, முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம் எல்லாம் ஒரே வளாகத்தில். 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான, பராமரிப்புச் சேவையுடன் சேர்ந்த சமூகப் பராமரிப்பு வீடுகள் 2021இல் புக்கிட் பாத்தோக்கில் முதலில் விற்பனைக்கு வந்தன. வசதி நிறைய உண்டு. ஆனால் அண்டை வீட்டாரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

கேள்வி (தோ பாயோ வாசகி): திருமணமாகாத தோழியர் மூவர், எல்லாரும் நாற்பதைக் கடந்த சிங்கப்பூரர்கள். சேர்ந்து ஒரு மறுவிற்பனை வீடு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 35 வயது நிறைந்த ஒற்றையர் நால்வர் வரை சேர்ந்து வாங்குவதற்கு வீவகவில் திட்டம் உண்டு. ஆனால் உரிமையை எப்படிப் பதிவுசெய்கிறீர்கள் என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. முழு வீட்டுக்கும் கூட்டு உரிமையாளராகப் பதிந்தால், ஒருவர் இறந்ததும், அவர் உயிலில் என்ன எழுதியிருந்தாலும், அவருடைய உரிமை மற்ற இருவரையே சேரும். இன்னாருக்கு இத்தனை பங்கு என்று பிரித்துப் பதிந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுக்குப் போகும். நாளை அவருடைய தம்பி மகன் உங்கள் வீட்டில் பங்குதாரராகலாம். இரண்டிலும் சிக்கல் உண்டு. தோழிகள் வெவ்வேறு தொகை போடுவதாக இருந்தால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

ஒருவர் பின்னர் மணம்புரிந்து கணவருடன் வேறொரு வீவக வீடு வாங்க விரும்பினால், இரண்டு வீடுகளின் உரிமையையும் தொடர்ந்து வைத்திருக்க இயலாது; இந்த வீட்டின் உரிமையை விட்டுவிட வேண்டும். அப்போது அவருடைய பங்கை மற்றவர்கள் என்ன விலைக்கு ஏற்பார்கள், மதிப்பீட்டாளருக்கு யார் பணம் கொடுப்பார் என்பவற்றை எழுத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பழுதுச் செலவையும், மீன் குழம்பு வைத்த சட்டியில் மறுநாள் பால் காய்ச்சலாமா என்பதையும்கூட எழுதிக்கொள்வதில் தவறில்லை. சமையலறைச் சண்டைதான் பெரும்பாலும் முதலில் வரும். இந்த ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகே விற்பவருக்கு முன்பணம் கொடுங்கள்.