பெற்ற மனம் பித்தா?

கேள்வி: நீரோ மன்னனின் தாய் அக்ரிப்பினா, எதிரே நிற்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடக் கூடியவள் என்று படித்தேன். அப்படிப்பட்டவளுக்குத் தன் மகனை மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பதற்கு இவளைவிட உதாரணம் வேண்டுமா? அந்தத் தாய்ப்பாசத்துக்காகவே அவள் செய்த பாவங்களை மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது. (வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: மன்னிப்பது உங்கள் மனசு. ஆனால் அந்தப் பழமொழியை அக்ரிப்பினாவுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. அது பிள்ளைக்காகத் தன்னையே அழித்துக்கொள்ளும் தாய்மார்களுடையது. இவள் அழித்ததெல்லாம் அடுத்தவர்களை.

அவள் பட்ட துன்பத்தை நான் மறுக்கவில்லை. அம்மா ஒரு தீவில் கைதியாகப் பட்டினி கிடந்து செத்தாள். அண்ணன் ஒருவன் அரண்மனைப் பாதாள அறையில் சோறில்லாமல், மெத்தையில் அடைத்திருந்ததைப் பிய்த்துத் தின்று செத்தான். இன்னொரு அண்ணன் காலிகுலா அரியணை ஏறிய இரண்டே ஆண்டுகளில் சொந்தத் தங்கையான இவளையே நாடு கடத்தினான். அரியணையில் நம் ஆள் இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அவள் நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

அதற்காக அவள் போன தூரம்தான் பயங்கரம். கி.பி. 49இல் தன் அப்பாவின் தம்பியான சக்கரவர்த்தி கிளாடியஸை, சட்டத்தையே மாற்றவைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கிளாடியஸின் மகள் ஆக்டேவியாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை மீது பழி சுமத்தி அவனை ஒழித்தார்கள்; இவர்கள் கல்யாண நாளன்றே அவன் தற்கொலை செய்துகொண்டான். ஆக்டேவியாவை நீரோவுக்குக் கட்டிவைத்தாள். கிளாடியஸுக்குப் பிரிட்டானிக்கஸ் என்று சொந்த மகன் இருக்கும்போதே நீரோவைத் தத்தெடுக்க வைத்தாள். 54இல் கிளாடியஸ் இறந்தார். காளானில் விஷம் வைத்தவள் இவள்தான் என்றே பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நீரோவுக்கு அப்போது 16 வயது.

சரி, மகன் எப்பேர்ப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா? இங்கேதான் உங்களோடு மாறுபடுகிறேன். நன்றாகத் தெரியும். அவள் நாடு கடத்தப்பட்டிருந்தபோது குழந்தை நீரோவைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள் அவனுடைய அத்தை டொமிஷியா லெப்பிடா. பிறகும் அன்பான பேச்சாலும் பரிசுகளாலும் பையனைத் தன் பக்கம் இழுத்துவந்தாள். அக்ரிப்பினாவோ அதட்டியும் மிரட்டியும் வளர்த்தவள். பையன் யார் பிடியில் இருப்பது என்பதுதான் போட்டி. கடைசியில், சூனியம் வைத்தாள் என்று அந்த அத்தையின் மேல் வழக்கு வந்தது. சபையில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் நீரோவும் ஒருவன். அம்மாவைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னான் என்கிறார் பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். லெப்பிடாவுக்கு மரண தண்டனை கிடைத்தது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தன்னை வளர்த்த பெண்ணின் சாவுக்கு வழி செய்யும் வார்த்தைகளை ஒரு பையன் சபை நடுவே நின்று சொல்கிறான். கேட்கும் தாய்க்குப் பெருமை. வளர்த்த கையைக் காட்டிக்கொடுக்கிறவன் நாளைக்கு யாரை வேண்டுமானாலும் காட்டிக்கொடுப்பான் என்பது ரோமில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் கொடுமை அதுவரை அவளுக்கே வேலை செய்ததால், அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். இதைப் பாசம் கண்ணை மறைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. லாபம் மறைத்தது.

அப்புறம், கொடுத்தவளுக்கு வாங்கியவன் என்றைக்கும் அடங்கியிருப்பான் என்ற நம்பிக்கை. ஆட்சியின் முதல் நாள் காவலர்களுக்கு நீரோ கொடுத்த அடையாளச் சொல் 'மிகச் சிறந்த தாய்'. அந்த ஆண்டு நாணயத்தில் தாயும் மகனும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். சுற்றிலும் அவள் பெயர்தான். அடுத்த ஆண்டு அவள் முகம் அவன் முகத்துக்குப் பின்னால் போயிற்று, பெயர் நாணயத்தின் மறுபக்கத்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் முகமே இல்லை. ரோமில் காசு புழங்கிய எல்லோருக்கும் தெரிந்திருக்கும் இந்த மாற்றம்.

அவளோ, பிரிட்டானிக்கஸ்தான் உண்மையான வாரிசு, அவனைக் கொண்டுவந்துவிடுவேன் என்று மகனையே மிரட்டினாள். இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 14 வயது நிறையப் போகிற பிள்ளை அவன். அவனிடமிருந்து அரியணையைப் பிடுங்கியவள், இப்போது மகனை அடக்க அவனையே கம்பாக எடுத்தாள். 55இல் ஒரு விருந்து. பிரிட்டானிக்கஸுக்குக் கொடுத்த பானத்தை முதலில் ஒருவன் ருசி பார்த்தான். சூடாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னதும் குளிர்ந்த நீர் ஊற்றினார்கள். விஷம் அந்த நீரில். மூச்சு நின்று சரிந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு, சரியாகிவிடும் என்று நீரோ சாய்ந்தபடியே சொன்னான். தம்பி துடிப்பதைப் பார்த்த ஆக்டேவியா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது பழகியிருந்தது. அக்ரிப்பினாவின் முகத்தில் மட்டும் மறைக்க முடியாத திகில் என்கிறார் இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

அவர் ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து எழுதியவர், பெண் ஆள்வதை வெறுத்த கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்தத் திகிலை நான் நம்புகிறேன். தன் வித்தையைத் தனக்குத் தெரியாமலே மகன் செய்து காட்டியதை அன்றுதான் அவள் முதல்முறை பார்த்தாள்.

59 மார்ச்சில் இத்தாலியின் பாயே கடற்கரையில் நீரோ, தானாக உடைகிற மாதிரி செய்த கப்பலில் அவளை ஏற்றி அனுப்பினான். கூட வந்த தோழி அசெரோனியா, தானே அக்ரிப்பினா என்று கத்தியதும் துடுப்பால் அடித்தே கொன்றார்கள். அக்ரிப்பினா வாயைத் திறக்காமல், தோளில் காயத்தோடு நீந்தித் தப்பினாள். நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தெய்வ அருளால் பிழைத்தேன் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினாள். செத்த தோழியின் உயிலைத் தேடி எடுக்கச் சொல்லி, சொத்துக்கு முத்திரை வைக்கச் சொன்னாள்.

அன்றிரவே ஆட்கள் வந்தார்கள். அறையில் இருந்த ஒரே பணிப்பெண்ணும் எழுந்து போய்விட்டாள். 'நலம் விசாரிக்க வந்தீர்கள் என்றால் தேறிவிட்டேன் என்று சொல்லுங்கள். கொல்ல வந்தீர்கள் என்றால் என் மகன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்' என்றாளாம். கப்பலையே பார்த்துவிட்டு வந்தவள் சொன்னது இது. முதல் அடி தலையில் விழுந்தது.