குட்டை வற்றியும் மீன் மறுபடி வருவது எப்படி?

கேள்வி: ஆப்பிரிக்காவில் சில மழைக்குட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், அடுத்த மழையில் மீன் துள்ளுகிறதாமே? ஆற்றுத் தொடர்பும் இல்லையாம். அப்புறம் மீன் எங்கிருந்து வருகிறது?

பதில்: மண்ணுக்குள்ளிருந்துதான். மீனாக இல்லை, முட்டையாக! ஜிம்பாப்வேயின் தென்கிழக்கிலும் மொசாம்பிக்கிலும் உள்ள டர்க்வாய்ஸ் கில்லி மீன் இதில் கைதேர்ந்தது. அறிவியல் பெயர் நோத்தோபிராங்கியஸ் ஃபர்செரி. 1968இல் ஜிம்பாப்வேயின் கொனரேஷூ பகுதியில்தான் முதலில் பிடித்தார்கள். விரல் நீளம்கூட வராது, ஆனால் ஆணின் நிறம் கண்ணைப் பறிக்கும்; பெண் மண் நிறத்தில் மங்கலாக இருக்கும்.

இதற்கு எல்லாமே அவசரம். மழைநீர் பட்ட சில மணி நேரத்தில் முட்டை பொரிந்து, நல்ல தீனி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண்ணின் மேல் போர்த்தியபடி அடிச்சேற்றோடு அணைத்துப் பிடிக்கும், இரண்டும் ஒரு கணம் நடுங்கும், சேற்றுக்குள் ஒரு முட்டை போகும். இதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்து தினமும் பல முட்டைகளைப் புதைத்து வைக்கும். குட்டை வற்றியதும் பெற்றோர் கதை முடிந்தது. முட்டை மட்டும் தடித்த ஓட்டுக்குள், கரிசல் போன்ற களிமண்ணில், வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். எல்லா முட்டையும் ஒரே மழைக்கு விழிப்பதும் இல்லை. பருவத்துக்கு முன்னால் ஒரு மழை பெய்து ஏமாற்றினால், அதில் பொரிந்தவை செத்துப்போகும், தூங்கிக்கொண்டிருப்பவை பிழைக்கும். என்னைக் கேட்டால், இந்த மீனின் நிஜ ஆயுள் முட்டைக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சீக்கிரம் சாகும் மீனை ஆய்வகங்களில் ஏன் வளர்க்கிறார்கள்?

பதில்: சீக்கிரம் சாவதால்தான்! சில மாதங்களிலேயே நிறம் வெளுத்து, முதுகு வளைந்து, தசை கரைந்து முழு முதுமையும் வந்துவிடுகிறது, எலியில் இதைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் மீன்களின் குடல் நுண்ணுயிர்களை நடுவயது மீன்களுக்குக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் உயிரோடிருந்தன.

கேள்வி: நுரையீரல் மீனும் இப்படித்தானா?

பதில்: இல்லை. சில இடங்களில் இரண்டும் ஒரே குட்டையில் இருக்கும். ஆனால் நுரையீரல் மீன் தானே சேற்றைத் துளைத்து உள்ளே போய், உடலைச் சுற்றிச் சளியால் கூடு கட்டி, காற்றைச் சுவாசித்தபடி வறண்ட காலத்தைக் கடக்கும்.

கேள்வி: கில்லி மீனைத் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முட்டை தண்ணீரிலேயே கிடந்து பொரியும் என்று காத்திருக்காதீர்கள். பீட் எனும் மட்கிய பாசியில் முட்டையிட வைத்து, அதை ஈரம் மட்டும் மிஞ்சும்படி பிழிந்து, பையில் கட்டிச் சில மாதம் வைத்திருந்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். வளர்ப்பவர்கள் இந்தப் பையைத் தபாலிலேயே அனுப்பிக்கொள்கிறார்கள். ஆண்கள் சண்டை போடும், அதனால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று விடுங்கள்.