கல்லறைக்குள் தீவட்டி எரியுமா? (கேள்வி பதில்)

புராண மர்மமும் அகழாய்வும் கலந்த சாகச நாவல்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்தவற்றில் பாதி ஒரே கேள்வி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், மறுபடி வராது என்ற நம்பிக்கையில்.

கேள்வி (மதுரை வாசகர்): எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறையைத் திறந்தவர்களைச் சாவு பிடிக்கும் என்கிற சாபம் உண்மையா?

பதில்: அந்த அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரல் 5 அன்று இறந்தார். கொசு கடித்த இடத்தில் சவரக் கத்தி பட்டுப் புண்ணாகி, நஞ்சு இரத்தத்தில் ஏறி, நிமோனியாவில் முடிந்தது. பென்சிலின் இல்லாத காலம். கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரோ 1939 வரை இருந்தார். தந்தையோடு உள்ளே போன கார்னர்வானின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். சாபம் ஆள் பார்த்துத்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

கேள்வி (நாவல் எழுதும் தம்பி ஒருவர்): நாயகன் கல்லறைக்குள் நுழையும்போது சுவரில் தீவட்டி எரிவதாக எழுதியிருக்கிறேன். சரிதானே?

பதில்: மூவாயிரம் ஆண்டுகளாக எண்ணெய் ஊற்றியது யார், தம்பி? 1922 நவம்பர் 26 அன்று துத்தன்காமன் கல்லறையின் அடைபட்டிருந்த வாயிலில் கார்ட்டர் சிறு துளை போட்டு, மெழுகுவத்தியை உள்ளே நீட்டினார். நச்சுக்காற்று இருந்தால் சுடர் காட்டிக்கொடுக்கும். உள்ளிருந்து வெளியேறிய வெப்பக் காற்றில் சுடர் நடுங்கியது. கண் பழகப் பழகத்தான் விலங்கு உருவங்களும் சிலைகளும் பொன்னும் தெரிந்தன. அந்த நடுக்கத்தை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். இன்னொன்று: உள்ளே இருந்ததையெல்லாம் பதிவு செய்து வெளியே எடுக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. உங்கள் நாயகன் பத்து நிமிடத்தில் மூட்டை கட்டுகிறான்.

கேள்வி (திருச்சி வாசகி): பழைய திராய் நகரில் கிடைத்தது, கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் வரும் பிரியாம் மன்னரின் புதையல்தானா?

பதில்: இல்லை, அம்மா. 1873-இல் அதைத் தோண்டியெடுத்த ஷ்லீமன் அப்படிப் பெயர் வைத்துவிட்டார். அது கிடைத்த மண் அடுக்கு, ஹோமர் பாடும் போரின் காலமாகச் சொல்லப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தையது. மனைவி சோஃபியா சால்வையில் மறைத்துக் கொண்டுவந்தார் என்றும் கதை சொன்னார். அப்போது அந்த அம்மையார் ஏதென்ஸில் இருந்தார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த அடுக்கு?" என்பதுதான்.

கேள்வி (கோவை வாசகர்): துத்தன்காமன் சாபம் பற்றி...

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): தோட்டத்தில் குழி தோண்டியபோது பழைய காசுகள் கிடைத்தன. என்ன விலை பெறும்?

பதில்: நான் விலை சொல்வதில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கிடைத்த ஆழத்தைக் குறித்துவையுங்கள். எந்த அடுக்கு என்று தெரியாத காசு ஊமைச் சாட்சி.

கேள்வி (நெல்லை வாசகர்): பைபிளில் வரும் நோவாவின் வெள்ளத்துக்கு ‘ஊர்’ என்ற பழைய நகரில் ஆதாரம் கிடைத்ததாமே?

பதில்: மெசபட்டோமியாவின் (இன்றைய ஈராக்) ‘ஊர்’ நகரில் அகழாய்வாளர் லியோனார்ட் வுல்லி ஆழக்குழி வெட்டியபோது, எட்டு அடிக்கும் மேல் சுத்தமான வண்டல் வந்தது. ஒரு பானை ஓடுகூட இல்லை. அதன் கீழே மறுபடி மனிதப் புழக்கம். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "வெள்ளம்தான், வேறென்ன?" என்கிற தொனியில் சொல்லிவிட்டு நகர்ந்தாராம். ஆனால் அதே நாட்டின் கீஷ், ஷுருப்பாக் நகரங்களில் கிடைத்த வண்டல்கள் வேறு காலத்தவை. ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் ஒருமுறைதானா வரும்? எந்த அடுக்கு, எந்தக் காலம் என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே பிரளயமாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த, செப்புத் தகட்டில் பொறித்த பழைய சுருளின் புதையல் பட்டியல் வெறும் கட்டுக்கதை என்று முன்பு எழுதினீர்கள். கட்டுக்கதையை யாராவது செம்பில் பொறிப்பார்களா?

பதில்: நல்ல அடி. 1952-இல் மூன்றாம் குகையில் கிடைத்தபோது அது துருவேறி, விரித்தால் நொறுங்கும் நிலையில் இருந்தது. 1955-இல் மான்செஸ்டரில் பொறியாளர் ரைட் பேக்கர் அதை அச்சுத்தண்டில் பொருத்தி, சிறு வட்ட ரம்பத்தால் 23 துண்டுகளாக அறுத்தார். உள்ளே அறுபதுக்கு மேற்பட்ட மறைவிடங்கள். முதல் பதிவே ஆகோர் பள்ளத்தாக்கு, படிகளுக்கடியில் நாற்பது முழம், பதினேழு தாலந்து (பழைய எடை அளவு) என்று பத்திர எழுத்தர் நடையில் போகிறது. பதிப்பித்த மிலிக் இதை நாட்டார் கதை என்றார். இன்னொரு ஆய்வாளரான அலெக்ரோ நிஜம் என்று நம்பி, போய்த் தோண்டி, வெறுங்கையோடு திரும்பினார்.

கேள்வி (அதே வாசகர்): என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கதைக்கு ஏன் விலையுயர்ந்த செம்பு?

பதில்: சரி, இறங்கி வருகிறேன். கதை சொல்பவன் வீரனையும் பூதத்தையும் கொண்டுவருவான். இதில் முழமும் எடையும் தவிர ஒன்றுமில்லை. "கட்டுக்கதை" என்ற என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் டன் கணக்கில் வரும் அந்தக் கூட்டுத்தொகை இன்னமும் என் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

கேள்வி (சேலம் வாசகர்): இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்தது காட்டுமிராண்டித்தனம் இல்லையா?

பதில்: இரும்பு அறுக்கும் ரம்பம் என்று யார் சொன்னது? விரிக்க முயன்றிருந்தால் தூளாகியிருக்கும். எழுத்துச் சேதம் மிகக் குறைவு. இன்று கையில் இருக்கும் ஊடுகதிர்க் கருவிகளை வைத்துக்கொண்டு 1955-ஐத் திட்டாதீர்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): சாபம்...

பதில்: அடுத்தது.

கேள்வி (தீவட்டித் தம்பி மறுபடியும்): தீவட்டியை எடுத்துவிட்டேன். செப்புச் சுருளையே கதையாக்கலாமா?

பதில்: தாராளமாக. கடைசிப் பதிவைப் பாருங்கள்: இந்தப் பட்டியலின் இன்னொரு பிரதி, விளக்கங்களோடும் அளவுகளோடும், கோக்லித் என்னும் இடத்துக்கு வடக்கே ஒரு குழியில் இருக்கிறதாம். அந்தப் பிரதி இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதுங்கள். எந்த அடுக்கில் என்றும் எழுதிவிடுங்கள்.