இறாலும் பார உலோகமும்: கேள்வி பதில்

கேள்வி (குருநகர்): அண்ணை, தண்ணியில பார உலோகம் இருந்தா இறால் உடன சாகுமோ?

பதில்: பெரும்பாலும் சாகாது, ஆபத்தே அதுதான். எங்களுக்கு உள்ளதுபோல இறாலுக்குப் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) கிடையாது. இறாலின் இரத்தமான குருதிநிணத்தில் மிதக்கும் கலங்கள்தான் கிருமியை விழுங்குகின்றன. விழுங்க முடியாததைச் சூழ்ந்து கறுப்பாக்கிக் கொல்கின்றன. கட்மியம், இரசம், ஈயம், மிகையான செம்பு எல்லாம் அந்தக் கலங்களைக் குறைக்கும், கறுப்பாக்கும் நொதியையும் முடக்கும். இறால் வழமைபோலத் தீன் எடுக்கும். மாரி மழைக்கு உப்பு இறங்கி, தோலுரிக்கிற நேரம் விப்ரியோ என்ற பற்றீரியாவும் சேர்ந்தால் குளம் கவிழ்ந்துவிடும்.

கேள்வி (தொண்டைமானாறு): பாசிக்கு மயில்துத்தம் எத்தனை கிலோ போடலாம்?

பதில்: மயில்துத்தம் என்பது செம்புச் சல்பேற்று. முதலில் தண்ணீரின் காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறனை) அளந்து பாருங்கள். லீற்றருக்கு மில்லிகிராமில் வரும் எண்ணை 100ஆல் வகுத்தால் வருவது, லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்ற மேலெல்லை. காரத்தன்மை 100 என்றால், 1000 சதுர மீற்றர் பரப்பும் 1 மீற்றர் ஆழமும் உள்ள குளத்துக்கு 1 கிலோ. 50க்குக் கீழே என்றால் தொடவே வேண்டாம். இது மீன்குளத்துக்கு வகுத்த கணக்கு. இறாலுக்குக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். பாசி செத்து அழுகும்போது ஒட்சிசன் விழும், காற்றூட்டி ஓடவேண்டும்.

கேள்வி (அரியாலை): இறாலின்ட இரத்தத்திலயே செம்புதானே இருக்கு? கூடப் போட்டா என்ன?

பதில்: குருதிநிணத்தில் ஒட்சிசன் காவும் ஈமோசயனினில் செம்பு இருப்பது உண்மை. அந்தச் செம்பு தீவனத்திலேயே கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்த செம்பு பூவை (செவுளை) தாக்கும், தலைக்குள் ஈரலும் கணையமும் ஒன்றாக இருக்கும் உறுப்பான ஈரல்கணையத்தில் சேரும்.

கேள்வி (அரியாலை): நான் அதே அளவுக் குளத்துக்கு 5 கிலோ போட்டனான். ஒண்டும் சாகேல்லை.

பதில்: மயில்துத்தத்தில் செம்பு காற்பங்கு. உங்கள் குளத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 1.25 மில்லிகிராம் செம்பு விழுந்திருக்கிறது. 1 மில்லிகிராமிலேயே வனாமி இறாலின் விப்ரியோ எதிர்ப்பு குறைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் அதில் பெரும்பங்கைப் படியவைத்துக் காப்பாற்றியது. படிந்த செம்பு அழியாது, அடிச்சேற்றில் கிடக்கிறது. இறால் மேய்வதும் அந்தச் சேற்றில்தான். சேறு அமிலமானால் செம்பு திரும்பக் கரையும். ஒவ்வொரு முறை போடும்போதும் கடன் ஏறுகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி (நாவற்குழி): எங்கட குளத்துக்கு எத்தனை கிலோ?

பதில்: மேலே இருக்கிறது. காரத்தன்மை தெரியாமல் கிலோ கேட்காதீர்கள்.

கேள்வி (மண்டைதீவு): வெண்புள்ளி உலோகத்தாலோ வாறது?

பதில்: இல்லை, அது வைரசு. வைரசின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்து பாருங்கள். உலோகம் எதிர்ப்பைக் குறைக்கும், நோயை உண்டாக்காது.

கேள்வி (பாஷையூர்): வலை ஈயக்குண்டால பயமிருக்கோ?

பதில்: குண்டு மெதுவாகத்தான் கரையும். கரையில் பழைய பற்றறி உடைத்து ஈயம் உருக்குவதே பெரிய கேடு.

கேள்வி (கைதடி): பரிசோதனைக்கு மாதிரி எப்பிடி எடுக்கிறது?

பதில்: அமிலத்தில் கழுவிய பிளாஸ்ரிக் போத்தல், உலோக மூடி கூடாது. கரைந்த உலோகம் வேண்டுமென்றால் 0.45 மைக்ரோன் வடியில் வடித்த பிறகே நைத்திரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். முதலே விட்டால் சேற்றில் ஒட்டியதும் கரைந்து கணக்கைக் கூட்டும். இறாலில் தசையையும் ஈரல்கணையத்தையும் வேறுவேறாக அனுப்புங்கள். ஐரோப்பிய எல்லையான கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கட்மியம் தசைக்கு உரியது. தலையோடு அரைத்தால் அந்த ஒப்பீடு பிழைக்கும்.