ஒரே மெட்டு, இரண்டு நடை

அன்புள்ள ஐயா,

'காட்ஃபாதர்' படத்தின் காதல் மெட்டு அதற்கு முன்பே ஒரு இத்தாலியப் படத்தில் வந்துவிட்டதாம். அதனால்தான் அதன் இசையமைப்பாளர் நீனோ ரோட்டாவின் ஆஸ்கர் பரிந்துரை ரத்தானதாம். இருபது வருடமாகக் கேட்டு உருகிய இசை. படித்ததும் மனசு விட்டுப்போச்சு. அவர் நம்மை ஏமாற்றிவிட்டாரா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் படித்தது உண்மைதான். எதுவார்தோ தெ ஃபிலிப்போ இயக்கி 1958இல் வந்த 'ஃபோர்த்துனெல்லா'வில் அந்த மெட்டு இருக்கிறது. அதற்கும் ரோட்டாதான் இசை. பிறர் வீட்டிலிருந்து எடுக்கவில்லை, தன் பெட்டியிலிருந்தே எடுத்தார். பரிசு புதிதாக எழுதிய இசைக்கு என்பதால் 1973இல் பரிந்துரையை ரத்து செய்தார்கள். சரி, விதி அப்படி. ஏமாற்று என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

'ஃபோர்த்துனெல்லா'வில் அந்த மெட்டு வேகமாக, வேடிக்கையாகத் துள்ளிக்கொண்டு போகும். 'காட்ஃபாதர்' படத்தில் மைக்கேல் சிசிலியில் இருக்கும்போது அதே சுரங்கள் நிதானமாக, இழுத்து இழுத்து வருகின்றன. இரண்டும் ஒன்றுதான் என்பது முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த வேடிக்கை மெட்டுக்குள் இவ்வளவு துக்கம் இருக்கிறது என்று பதினான்கு வருடம் கழித்து ஒருவர் கண்டுகொள்கிறார். அதுவும் இசையமைப்புதான், அதிலும் கடினமான பகுதி.

அவர் வேலை செய்த விதமே அதுதான். இயக்குநர் விஸ்கோந்தியின் 'தி லெப்பர்ட்' (1963) படத்துக்கு 1940களில் எழுதிவைத்திருந்த தன் சிம்பொனியிலிருந்து எடுத்துக்கொண்டார். அதே படத்தின் நடனக் காட்சிக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய இசைமேதை வெர்தியின் அச்சேறாத வால்ட்ஸ் நடன இசை ஒன்றை வாத்தியக் குழுவுக்காக விரித்து எழுதினார். பதினோரு வயதில் ஓரட்டோரியோ (பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழங்கும் பெரிய சமய இசைப் படைப்பு) எழுதியவர் ரோட்டா. சினிமாவுக்குத் தனிச்சரக்கு, கச்சேரிக்குத் தனிச்சரக்கு என்று பிரித்து வைக்கவில்லை. 1952இலிருந்து 1979இல் இறக்கும்வரை இயக்குநர் ஃபெல்லினியின் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே, 1977 வரை இத்தாலியின் பாரி நகர இசைக்கல்லூரியின் இயக்குநராகவும் இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநரான ரிக்கார்தோ மூத்தியின் திறமையை, அவர் சிறுவனாக இருந்தபோதே,க் கண்டு ஊக்கப்படுத்தியது அந்த நாட்களில்தான்.

அப்புறம், 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்காக 1975இல் அவருக்கும் கார்மைன் கொப்போலாவுக்கும் ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்தப் படத்திலும் இதே காதல் மெட்டு வருகிறது!

முதலில் 'ஃபோர்த்துனெல்லா'வைக் கேளுங்கள். பிறகு, நீங்கள் இருபது வருடமாகக் கேட்பதைக் கேளுங்கள். என்ன தோன்றியது என்று கட்டாயம் எழுதுங்கள்.