ஆட்டிசம், கவனக்குறைவு, பள்ளிச் சேர்க்கை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிறப்புக் கல்வி ஆசிரியை நான். எதை வேண்டுமானாலும் கேளுங்கள், மருந்து விஷயம் மட்டும் உங்கள் டாக்டரிடம்.

கேள்வி: அக்கா, பையனுக்கு 26 மாதம், ஒரு வார்த்தை வரவில்லை. "உன் புருஷனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். கதவு சாத்தினால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தடித்த சத்தம் கேட்டு, 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் கதவுக்குத் திரும்பத்தான் செய்யும். அப்புறம் எம்-சாட், ஆட்டிசத்துக்கான வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள்: நீங்கள் கைகாட்டும் இடத்தைப் பார்க்கிறானா, பிடித்த பொருளைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறானா, இந்த மாதிரி. அது வெறும் சல்லடைதான், அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. முடிவு எப்போது வந்தாலும் சரி, பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி. ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அப்படித்தான். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) இருக்கும் என்கிறார் டீச்சர். வீட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: டீச்சர் கவனித்ததை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஏடிஎச்டி என்று சொல்ல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வகுப்பில், எந்த நேரத்தில் என்று கேட்டுக் குறித்து வாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுந்து ஓடுகிறாள் என்றால் முதலில் கண்ணைப் பாருங்கள், அடுத்து வாசிப்பைப் பாருங்கள்.

கேள்வி: சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

பதில்: போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஐஇபி என்கிற தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவார்களா, யார் எழுதுவார்கள், அதை வகுப்பு ஆசிரியர் படித்துப் பார்ப்பாரா என்று கேளுங்கள். "கவனம் மேம்படும்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், அதை எப்படி அளப்பது? "புத்தகத்தை எடு, பத்தாம் பக்கத்தைத் திற என்று ஒருமுறை சொன்னால், ஐந்தில் நான்கு தடவை தானாகச் செய்வான்", இது இலக்கு, மூன்று மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று கேட்கலாம். இப்படி எழுதித் தரும் பள்ளி எதுவோ, என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: ஆட்டிசம் தடுப்பூசியால் வந்ததாம், கீலேஷன் (உடம்பில் உள்ள உலோகங்களை மருந்து கொடுத்து வெளியேற்றுவது) செய்தால் குணமாகுமாம்...

பதில்: தடுப்பூசிக் கதையைக் கிளப்பிய 1998 கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. கீலேஷன் பக்கமே போகாதீர்கள், ஆட்டிசத்துக்கென்று அதைச் செய்தபோது 2005-ல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போனது. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுங்கள்.